எட்டு மணிக்குச் சுருளும் கொடி

கொடி வளர்வதை உட்கார்ந்து பார்ப்பது ஓர் உத்தியோகம் என்றால் யாரும் நம்புவதில்லை. நான் ஐந்து வருஷம் அதைத்தான் பார்த்தேன், அதில்தான் குடும்பமும் நடத்தினேன். சிக்னல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவர்களே, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். கண்ணை எடுத்த அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாமே நடந்து முடியும்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. கோலாலம்பூருக்கு வெளியே, டெங்கில் போகிற ரோட்டோரம், ஒரு வெள்ளைக்காரத் துரை சொந்தமாக ஒரு சோதனைத் தோட்டம் வைத்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் மேனேஜராக இருந்து விலகியவர். அதனால் தமிழ் பேசுவார், நம்மைக் காட்டிலும் வேகமாகப் பேசுவார். அத்தாப்புக் கீற்றுக் கூரை போட்ட நீளமான கொட்டகைக்குள் பயறு, பாகல், வெற்றிலை, மார்க்கிசா என்கிற பாஷன் பழக்கொடி என்று ஏறுகிற செடிகளாகத் தொட்டிகளில் வைத்திருந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நிற்கும். காலை எட்டு முதல் மாலை நாலு வரை, அரை மணிக்கு ஒரு தரம், கொடியின் நுனி எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடி மேல் ஒரு மைப்புள்ளி வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. நான் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சைக்கிளில் போய் வருவேன்.

முதல் நாள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே பட்டறைக்குப் போகிறவர் சுத்தியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். தையல்காரர் கத்தரியைத் தொட்டுக் கும்பிடுவார். கடைக்காரர் தராசைக் கும்பிடுவார். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் தனியாக நின்றபோது நான் எதைக் கும்பிடுவது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. பேனா என்னுடையது இல்லை, துரையுடையது. கண்ணாடி வெறும் கண்ணாடி. எனக்குச் சோறு போடப்போவது இந்தக் கொடிதானே என்று தோன்றியது. ஒன்றாம் நம்பர் தொட்டியிலும் இரண்டாம் நம்பரிலும் மார்க்கிசா நின்றது. ஒன்றாம் நம்பரின் கணுவிலிருந்து புதிதாக ஒரு பற்றுக்கம்பி, நாங்கள் 'விரல்' என்று சொல்வோம், காற்றில் நீண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது. அதை மெல்லத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். மனசு நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து வேலையைத் தொடங்கும் முன் அதன் புது விரலைக் கும்பிடுவது வழக்கமாகிவிட்டது.

எட்டரை மணிக்குத் துரை வந்தார். கொட்டகையை ஒரு சுற்று சுற்றிவந்து, என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, சட்டத்தை மூன்றே சொல்லில் சொன்னார். நானும் உயிரே போனாலும் மீற மாட்டேன் என்று தலையாட்டினேன்.

“பாரு. எழுது. தொடாதே.”

முக்கால் சுற்று

பயற்றங்கொடியின் நுனி சும்மா நிற்காது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தண்டின் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக வளரும், பிறகு அதற்கு அடுத்த பக்கம், பிறகு அதற்கும் அடுத்த பக்கம். அதனால்தான் நுனி சுற்றுகிறது என்று துரை சொல்லுவார். நுனியில் ஊறி இறங்குகிற ஒரு பொருள்தான் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று சொல்கிறதாம். இப்போது ஹார்மோன் என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்கிறது. அப்போது துரை அதை 'வளர்ச்சிச் சாறு' என்பார், அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கொட்டகையில் தூங்காமல் இருக்க முடியாது. கீற்றுச் சந்துகளில் வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கும். ஈர மண் வாசனை வரும். இத்தனை கொடிகளும் ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பூமியே அப்படித்தான் சுற்றுகிறது, நானும் அதோடு சுற்றுகிறேன் என்று இதமாக இருக்கும். ஒரு நாள் அப்படியே கண் சொருகிவிட்டது. குடையை ஆறாம் நம்பர் பயற்றுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தேன். விழித்தபோது துரை எதிரே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து குடைக்கம்பைத்தான் பார்த்தார். நுனி அதைப் பிடித்து அழகாக வளைந்து ஏறியிருந்தது. பைக்கடிகாரத்தை எடுத்துக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

“முக்கால் சுத்து தூங்கியிருக்கே.”

மச்சானின் தலை

துரை ஒரு மருந்து வைத்திருந்தார். ஆட்டு ரோமக் கொழுப்பில் அந்த வளர்ச்சிச் சாற்றைக் குழைத்த பசை. தண்டின் ஒரு பக்கம் அரிசி அளவு தடவினால் போதும், அந்தப் பக்கம் நீண்டு வளர்ந்து, தண்டு மறுபக்கம் சாய்ந்துவிடும். காலையில் தடவினால் மத்தியானத்துக்குள் கொடி வணக்கம் சொல்லும். இதை ஒரு நாள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். என் மனைவியின் அண்ணன் வேலு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், பக்கத்துக் குடியிருப்பு. முப்பது வயதுக்குள் தலை பளபளவென்று ஆகிவிட்டவர். வளர்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் என் சைக்கிளின் பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டார்.

முடியாது என்று ஒரு வாரம் சொன்னேன். கடைசியில் துரை வீசச்சொன்ன பழைய டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கொடுத்தேன். ஒரு மாசம் கழித்து வந்தார். தலையில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சாற்றை முதன்முதலில் மனிதர் சிறுநீரிலிருந்துதான் வடித்தெடுத்தார்களாம் என்று துரை அன்று காலைதான் என்னிடம் சொல்லியிருந்தார். அதை மச்சானிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவர் என்னைத் தேற்றினார்.

“மருந்தைக் குத்தம் சொல்லக்கூடாது மச்சான். ஒரு பக்கமா தடவினா சாயும்னு சொன்னீங்க, நான் ரெண்டு பக்கமும் சமமா தடவினேன். பாருங்க, கழுத்து நேரா நிக்குது.”

நிழல் பக்கம்

கொடி வெளிச்சத்தை நோக்கி வளைகிறது என்று எல்லாருக்கும் தெரியும். வெளிச்சம் பட்ட பக்கம் அதிகம் வளர்வதில்லை, நிழலில் இருக்கிற பக்கம்தான் அதிகம் வளர்கிறது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. வெயில் பட்டால் அந்தச் சாறு நிழல் பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. நிழல் பக்கம் நீளுகிறது; நீண்டு நீண்டு, முழுத் தண்டையும் வெளிச்சத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. இதைக் கேட்ட அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. வெளிச்சத்தைப் பார்க்காமலே வளர்ந்து, மற்றவர்களை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ராஜத்திடம், அதாவது என் மனைவியிடம், இதை ஒரு மணி நேரம் சொன்னேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். மறு வாரம் பிரசவத்துக்காகக் கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். மூட்டை கட்டிக்கொண்டே முழுவதும் பொறுமையாகக் கேட்டாள்.

“கொடி எந்தப் பக்கம் வளையுதுன்னு அரை மணிக்கு ஒருக்கா பாக்குறீங்க. நான் குனிய முடியாம நிக்குறேன், அந்தப் பெட்டிய எடுத்துக் குடுங்க.”

தலை போனால்

ஒரு நாள் பாகற்கொடியின் நுனியைத் துரை கத்தரித்துவிட்டார். நுனி இருக்கும்வரை கீழே இருக்கிற மொட்டெல்லாம் உறங்கிக் கிடக்கும். நுனியிலிருந்து இறங்குகிற சாறுதான் அவற்றை உறங்கவைத்திருக்கிறது. வெட்டின சில நாளில் கணுவுக்குக் கணு கிளை புறப்பட்டு, ஒவ்வொன்றும் நான்தான் நுனி என்று மேலே ஏறப்பார்த்தது. இன்னொரு கொடியை வெட்டி, வெட்டின இடத்தில் அந்தப் பசையைத் தடவினார். அங்கே ஒரு மொட்டும் கண் திறக்கவில்லை. தலை இல்லை, ஆனால் தலை இருக்கிறது என்று கொடி நம்பிக்கொண்டிருந்தது.

தோட்டவேலைக்காரர் பாக் மாட், மலாய்க்காரர், நம்மவர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார், கடைசியில் ஒரு மலாய் 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்று அவர்தான் புள்ளி வைப்பார். இரண்டு கொடிகளையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, துரை பங்களாப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“நம்ம துரை ஊருக்குப் போனா, அவர் நாற்காலியில கொஞ்சம் பசை தடவிட்டுப் போகச் சொல்லு லா.”

ஞாயிற்றுக்கிழமை

எட்டு மாசப் புள்ளிகளையும் சேர்த்து வரைந்து பார்த்தபோதுதான் துரை அதைக் கண்டுபிடித்தார். ஒன்றாம் நம்பர் மார்க்கிசாவின் விரல் அநேகமாகத் தினமும் காலை எட்டு மணிக்குச் சுருளத் தொடங்குகிறது. பத்து மணிக்குள் மறுபடி நேராகிவிடுகிறது. வேறு எந்தத் தொட்டியும் அப்படிச் செய்யவில்லை. பற்றிக்கொள்ள ஏதாவது பட்டால் விரல் சுருளும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பட்ட பக்கம் வளர்ச்சி நின்று, வெளிப்பக்கம் நீளும். மழைத்துளி விழுந்தால் சுருளாது, ஒரு நூல் உரசினால் சுருளும், அவ்வளவு விவரம் தெரிந்த விரல் அது. ஆனால் இங்கே ஒன்றுமே படவில்லையே! எட்டு மணிக்கு வளர்ச்சிச் சாறு தானாக ஒரு பக்கம் இறங்குகிறது, இந்தக் கொடிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று துரை முடிவுகட்டினார். எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார், யாராவது தொட்டீர்களா என்று. இல்லை துரை என்று நான்தான் முதலில் சொன்னேன். மனசாரச் சொன்னேன்.

அன்றிலிருந்து துரை வேறு ஆளாகிவிட்டார். சாப்பிட மறந்தார். இங்கிலாந்துக்கு அனுப்ப நாற்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றாம் நம்பரிலிருந்து கிளை வெட்டிப் பத்துத் தொட்டியில் நட்டார். அவற்றில் ஒன்றுகூடச் சுருளவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாம் நம்பரே சுருளவில்லை. துரை தலையைப் பிய்த்துக்கொண்டார். கட்டுரையை டைப் அடித்த குமாஸ்தா, சாமுவேல் கிராணிக்கு மட்டும் இதில் குழப்பமே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் மெதடிஸ்ட்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தப்பாதவர். டைப் மெஷினிலிருந்து கையை எடுத்து, கண் கலங்கச் சொன்னார்:

“ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு. துரைக்குத் தெரியாத வேதம் இந்தக் கொடிக்குத் தெரிஞ்சிருக்கு, முத்தையா.”

பத்து நாள் தீட்டு

ஒரு திங்கட்கிழமை கிள்ளானிலிருந்து தகவல் வந்தது: ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். ரப்பர் விலை மறுபடி விழுந்திருந்த சமயம். தோட்டங்களில் ஆள் குறைத்து, வேலை போனவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லீவு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனேன். ஆனால் பிள்ளை பிறந்த தீட்டு இருக்கிறதே, தீட்டோடு கும்பிடக் கூடாது. அதனால் காலையில் ஒன்றாம் நம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், நேராக உட்கார்ந்து புள்ளி வைத்தேன். அன்று விரல் சுருளவில்லை. புதன்கிழமையும் சுருளவில்லை. சனிக்கிழமைக்குள் துரையின் முகம் சாம்பலாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை மெயில் கப்பலில் கட்டுரை போக வேண்டும். தண்ணீர் கூடிவிட்டதா, வெயில் குறைந்துவிட்டதா என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கும் பாவமாக இருந்தது. இத்தனைக்கும் என் மரமண்டைக்கு எதுவும் எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். பிள்ளை ராஜத்தின் பக்கத்தில் கிடந்தான். அவன் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை மெல்ல வைத்தேன். ஐந்து விரலும் மடங்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைக்கு நடுவிலேயே நெஞ்சில் ஓர் இடி விழுந்தது. இத்தனை மாசமாக நான் அந்தக் கொடியைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! தொடுகிறேன் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. கும்பிடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ராஜத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புதன்கிழமையோடு தீட்டு முடிகிறது, வியாழக்கிழமை காலையில் கும்பிட்டால் கொடி பழையபடி சுருளும், துரை சந்தோஷமாகக் கட்டுரையை அனுப்புவார், வேலையும் நிலைக்கும் என்று வழியையும் நானே சொன்னேன். சொன்னால் கப்பல்தான். பச்சைப்பிள்ளையோடு எந்த ஊருக்குப் போய் யார் வாசலில் நிற்பது?  அவள் என் விரலை அவன் பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

“கப்பல்ல ஏத்தினா மூணு பேரா ஏறுவோம். துரைகிட்ட சொல்லிட்டு வந்து புள்ளையத் தொடுங்க.”

நாற்பது பக்கம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் துரை எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். சுத்தியல், கத்தரி, தராசு என்று எங்கெங்கோ ஆரம்பித்து, ஒன்றாம் நம்பரில் கொண்டுவந்து முடித்தேன்.  செய்து காட்டு என்று அவர் கையால் சைகை செய்தார். அதிலும் ஒரு சங்கடம். இன்னும் மூன்று நாள் தீட்டு இருக்கிறது துரை, கும்பிடக் கூடாது என்றேன்.  சரி, எப்படித் தொடுவாய் என்று கேட்டார். காற்றில் கையை வைத்துக் காட்டினேன். அந்த ஆறடி வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, விரலை மெல்லத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். கூரையிலிருந்து வெயில் பொட்டு ஒன்று இறங்கி அவர் முழங்காலில் நின்றது. கொஞ்ச நேரத்தில் விரலின் நுனி தயங்கியது, லேசாகக் குனிந்தது, பிறகு தூக்கத்தில் புரள்கிற பிள்ளை மாதிரி மெதுவாகச் சுருண்டுகொண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான, அவ்வளவு பயமான பத்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. துரை எழுந்து போய் மேஜையிலிருந்த நாற்பது பக்கத்தையும் எடுத்தார். கிழிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“வெயில் எழுதினேன், காத்து எழுதினேன், மழை எழுதினேன். உன்னைத்தான் எழுதலை, முத்தையா.”

என் சம்பளக் கணக்கைத்தான் தீர்க்கப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் அந்தக் காகிதக் கட்டை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அந்த வியாழக்கிழமை கப்பலில் அது போகவில்லை, எந்தக் கப்பலிலும் போகவில்லை. நானும் போகவில்லை. துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வாசல்வரை போய், திரும்பி நின்று சொன்னார்:

“தீட்டு முடிஞ்சதும் ஒன்னாம் நம்பரை விட்டுடு, ரெண்டாம் நம்பரைக் கும்பிடு. பாப்போம்.”

தொடாமல் பார்ப்பதற்குத்தான் ஐந்து வருஷம் சம்பளம் வாங்கினேன். அந்த ஒரு வேலையை மட்டும் கடைசிவரை நான் செய்யவில்லை.